காலி இடத்தின் அரசியல்: ஊனமுற்ற உடலும் வண்டி நிறுத்துமிடமும்

உடல் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் நிறையவே பேசியாகிவிட்டது. உடலின்மீது அதிகாரம் எழுதிச் செல்லும் எழுத்து, கண்காணிப்பு, ஒழுங்குபடுத்தல், இயல்பு/இயல்பற்றது என்கிற எதிர்வு என்று ஃபூக்கோவைத் தமிழுக்குக் கொண்டுவந்த கட்டுரைகளில் பாதியையாவது நானும் வாசித்திருக்கிறேன். சிலவற்றோடு சண்டையும் போட்டிருக்கிறேன். இந்த விவாதங்களுக்கு நடுவில் எனக்கு ஒரு சின்ன சந்தேகம் விடாமல் இருந்துவருகிறது. இவ்வளவு பேசப்படும் இந்த உடல் வீட்டிலிருந்து கூட்டம் நடக்கும் இடத்துக்கு எப்படி வந்து சேர்கிறது? வந்தபிறகு வண்டியை எங்கே நிறுத்துகிறது? கேட்டால் சிரிக்கிறார்கள். "என்ன தோழர், பார்க்கிங் பிரச்சினையெல்லாம் கோட்பாட்டுக்குள்ள கொண்டு வர்றீங்க" என்கிறார்கள். கொண்டுவரத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

எங்கிருந்து பேசுகிறேன் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். இளம்பிள்ளை வாதம் வந்தவன். வலது காலில் காலிப்பர், கையில் கட்டை. பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் வைத்துக் கட்டிய ஸ்கூட்டரில் போகிறேன். பஸ்ஸின் முதல் படி என் இடுப்பு உயரத்தில் இருப்பதால் ஸ்கூட்டர். நடக்க முடிந்தவருக்கு வண்டி என்பது நடைக்குப் பதிலாக இருக்கலாம். எனக்கு அதுதான் நடை. அதை நிறுத்தும் இடத்துக்கும் நான் போய்ச் சேரவேண்டிய கதவுக்கும் நடுவில் இருக்கிற ஒவ்வொரு பத்தடியும் எனக்குக் கணக்கு.

சட்டங்கள் அப்புறம். முதலில் அளவு. ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலம் தாராளம். மத்திய அரசு 2016இல் வெளியிட்ட மாதிரிக் கட்டட விதிகள் ஊனமுற்றோருக்கான கார் இடத்துக்குக் கேட்கிற அகலம் குறைந்தது 3.6 மீட்டர். கட்டடத்தின் நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் இப்படி இரண்டு இடம் இருக்க வேண்டும். சக்கர நாற்காலிக்காரர்களுக்கு ஒதுக்கியது என்று கண்ணில் படும்படி எழுதிவைக்க வேண்டும். அமெரிக்காவில் காருக்கு 8 அடி, அதை ஒட்டி 5 அடி வெறும் இடம். 25 வண்டி நிற்கிற வளாகத்தில் இப்படி ஒன்று, 50 வரைக்கும் இரண்டு, 75 வரைக்கும் மூன்று, 100 வரைக்கும் நாலு என்று போகிறது. தரையின் சரிவு 48க்கு 1 என்கிற விகிதத்தைத் தாண்டக் கூடாது என்றுகூட எழுதியிருக்கிறார்கள். ஏன் இவ்வளவு நுணுக்கம் என்று தோன்றலாம். சரிவான தரையில் காரிலிருந்து நாற்காலிக்கு மாறிப் பாருங்கள். பாதி உடம்பு இருக்கையிலும் பாதி அந்தரத்திலும் இருக்கும்போது நாற்காலி தன்பாட்டுக்கு உருண்டு போகும்.

இந்தக் கூடுதல் அகலம்தான் விஷயத்தின் உயிர். காரின் கதவு முழுசாகத் திறக்க வேண்டும். நாற்காலியை வெளியே எடுத்து விரிக்க வேண்டும், இருக்கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பிரேக் போட வேண்டும், கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி நகர்த்த வேண்டும். இதற்கு ஒன்றேகால் மீட்டராவது வேண்டும். போகும்போது இடம் இருந்து, திரும்பி வரும்போது பக்கத்தில் ஒருவர் ஒட்டி நிறுத்திவிட்டுப் போயிருந்தால் தீர்ந்தது. அவர் வரும்வரை வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவருக்கு அது ஐந்து நிமிஷ வேலை. எவருடைய ஐந்து நிமிஷம் யாருடைய ஒரு மணி நேரமாகிறது என்று கேட்பதிலிருந்தே அரசியல் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

இப்போது நம் ஊர்க் கண்ணோடு அந்த இடத்தைப் பாருங்கள். மஞ்சள் கோடு போட்ட ஒரு சதுரம், காலியாகக் கிடக்கிறது. நாள் பூராவும் யாரும் வருவதாகத் தெரியவில்லை. "சும்மாதானே சார் கெடக்கு" என்று முதலில் ஒரு பைக் வரும். அப்புறம் ஜெனரேட்டர், அப்புறம் உடைந்த நாற்காலிகள், விழா என்றால் ஃப்ளெக்ஸ் தட்டி. இந்தச் 'சும்மா' என்கிற சொல்லை நாம் கொஞ்சம் கட்டவிழ்த்துப் பார்க்க வேண்டும். தீயணைப்பு வண்டிக்கு விட்ட வழியை யாரும் சும்மா கிடக்கிறது என்று சொல்வதில்லை. கோயில் வாசலில் தேர் திரும்ப விட்ட இடத்தில், வருஷத்தில் ஒருநாள்தான் தேர் வரும் என்றாலும், யாரும் வீடு கட்டிவிடுவதில்லை. கட்டினால் ஊர் கூடிவிடும். வருவதற்கு உரிமை உள்ளவர் வரப்போகிறார் என்று ஊர் நம்புகிற இடம் காலியாக இருந்தாலும் நிறைந்த இடம்தான். ஊனமுற்றவர் வருவார் என்று ஊர் நம்பவில்லை. அதனால்தான் அது சும்மா கிடக்கிறது. இதில் ஒரு சுற்றும் இருக்கிறது. இடம் இல்லாததால் வருவதில்லை. வராததால் இடம் எதற்கு என்கிறார்கள். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம் பேர் ஊனமுற்றவர்கள். இத்தனை பேரையும் தெருவில் பார்க்க முடியவில்லையே என்பது அவர்கள் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் என் வாதத்தை வேறு யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நடைபாதைச் சாய்தளத்தில் பூ விற்கிற அம்மாவை விரட்டுவதற்கு நகராட்சி என்னைக் காரணம் காட்டுவதை நான் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை. சாலையோர வியாபாரிகளுக்கு 2014இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. அவர்களுக்கும் இடம் அளந்து கொடுக்க வேண்டியது அதே நகராட்சிதான். என் அனுபவத்தில் கட்டை ஊன்றி வந்தால் பூக்கூடை நகர்ந்துவிடுகிறது. கார் நகர்வதில்லை.

*

'சலுகை' என்கிற சொல்லுக்கு வருகிறேன். பஸ் பாஸ் சலுகை, ரயில் கட்டணச் சலுகை, வேலையில் சலுகை, அந்த வரிசையில் பார்க்கிங் சலுகை. சலுகை கொடுப்பவர் மேலே இருக்கிறார், கை நீட்டிக் கொடுக்கிறார், வாங்குபவர் நன்றியோடு இருக்க வேண்டும். கொடுத்தவர் நினைத்தால் நிறுத்தவும் செய்யலாம். இதற்கு எதிரான பார்வையை 1976இல் இங்கிலாந்தில், உடல் ஊனமுற்றவர்களே நடத்திய ஓர் அமைப்பு தன் அடிப்படைக் கோட்பாடுகளாக எழுதிவைத்தது. உடம்பில் உள்ள குறை வேறு, ஊனமாக்கப்படுவது வேறு. குறை கொண்ட உடம்பைச் சமூகம் தன் ஏற்பாடுகளால் ஊனமாக்குகிறது என்பது அதன் சாரம். பின்னால் மைக் ஆலிவர் இதைச் 'சமூக மாதிரி' என்று பெயரிட்டு வளர்த்தார். என் காலை முடக்கியது வைரஸ். என்னை நூலகத்துக்குள் விடாமல் வைத்திருப்பது வாசலில் இருக்கிற ஒன்பது படி. வைரஸோடு வாதாட முடியாது. படி யாரோ ஒருவர் வரைந்து, யாரோ ஒருவர் அனுமதி கொடுத்து, யாரோ ஒருவர் பில் போட்டுக் கட்டியது.

பெயர் மாற்றங்களையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2010இல் 'ஊனமுற்றோர்' என்பது அரசாணைகளில் 'மாற்றுத்திறனாளி' ஆயிற்று. 2015 டிசம்பரில் பிரதமர் 'திவ்யாங்' என்றார், தெய்வீக அங்கமாம். இந்தச் சொற்களில் நல்லெண்ணம் இல்லை என்று சொல்லமாட்டேன். பெயர் மாற்றச் செலவில்லை, அதனால் சீக்கிரம் நடக்கிறது, 3.6 மீட்டர் இடம் விட்டால் ஒரு கடை குறையும், அதனால் நடப்பதில்லை. நான் இந்தக் கட்டுரை முழுக்க ஊனமுற்றவர் என்றே எழுதுகிறேன். உற்றது என்றால் நேர்ந்தது, வந்து சேர்ந்தது. எது வந்து சேர்ந்தது, எப்படி என்று கேட்க அந்தச் சொல்லில் வழியிருக்கிறது.

தெருவில் நடக்கும் உரிமை நமக்குப் புதிய விஷயம் இல்லை. 1924இல் வைக்கத்தில் நடந்தது கோயிலைச் சுற்றியிருக்கிற பொதுத்தெருவில் நடப்பதற்கான போராட்டம். பெரியார் இரண்டு முறை சிறைக்குப் போனார். அதையும் இதையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சாதி, தெருவில் பலகை வைத்து இன்னார் வரக்கூடாது என்று தடுத்தது, தீட்டு என்றது, மீறினால் அடித்தது. என்னை யாரும் தடுக்கவில்லை. "வாங்க சார், வாங்க" என்று அன்பாகத்தான் கூப்பிடுகிறார்கள். தடுப்பது நடைபாதையின் முக்கால் அடி உயர விளிம்பு. ஆள் யாரும் நின்று தடுக்காதபோது எதிர்த்துக் கோஷம் போட யாரும் கிடைப்பதில்லை என்பதுதான் இதில் உள்ள சிக்கல். ஊனமுற்ற தலித் பெண்ணிடம் கேட்டால் இரண்டு தடையும் ஒரே தெருவில் எப்படி வேலை செய்கின்றன என்று சொல்வார். அதை அவர் எழுத வேண்டும், நான் எழுதுவது சரியாக இருக்காது.

*

இனி சட்டம். தோழர்கள் பலருக்குச் சட்டம் என்றாலே சலிப்பு. சட்டம் ஆளும் வர்க்கத்தின் கருவி என்று முடித்துவிடுகிறார்கள். கருவிதான். ஆனால் எந்தத் திருகாணியில் அது மாட்டியிருக்கிறது என்று தெரிந்தால்தான் கழற்றவோ முறுக்கவோ முடியும்.

1995 டிசம்பரில் ஊனமுற்றவர்கள் தில்லியில் தெருவுக்கு வந்தபிறகுதான் முதல் ஊனமுற்றோர் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதில் சாலைக்கும் கட்டடத்துக்கும் பிரிவுகள் இருந்தன. நடைபாதையில் சாய்வு, சிக்னலில் ஒலி, பொதுக்கட்டடத்தில் சாய்தளம், ஆஸ்பத்திரியில் சாய்தளம். வண்டி நிறுத்துமிடம் என்கிற பேச்சே இல்லை. அதைவிட முக்கியம், அந்தப் பிரிவுகளின் தலையில் ஒரு வரி உட்கார்ந்திருந்தது: அரசின் பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு என்று. கதவைத் திறந்துவைத்து நடுவில் ஒரு கல்லை வைத்த மாதிரி. எதைக் கேட்டாலும் நிதி இல்லை என்றால் போதும், சட்டத்தை மீறியதாக ஆகாது.

2007இல் இந்தியா ஐ.நா.வின் ஊனமுற்றோர் உரிமை உடன்படிக்கையை ஏற்று உறுதி செய்தது. அதன் 9ஆம் பிரிவு எளிதில் அணுகும் வாய்ப்பைப் பற்றியது. அதற்கு ஏற்ப 2016இல் புதிய சட்டம் வந்தது. 7 வகை ஊனம் 21 ஆயிற்று. 41ஆம் பிரிவில் பஸ் நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம் ஆகியவற்றில் வண்டி நிறுத்துமிடம் அணுகல் தரத்தோடு இருக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. 44ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி கொடுக்கக் கூடாது, கட்டி முடித்தாலும் நிறைவுச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது. 45ஆம் பிரிவு ஏற்கனவே இருக்கிற பொதுக்கட்டடங்களை, விதிகள் அறிவிக்கப்பட்டு ஐந்து ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூனில். ஐந்து ஆண்டு 2022லேயே முடிந்துவிட்டது. 89ஆம் பிரிவில் அபராதம்: முதல் தடவை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த தடவைகளுக்கு 50,000இலிருந்து 5 லட்சம் வரை.

இவ்வளவு இருந்தும் ஏன் நடக்கவில்லை? இதற்குத்தான் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று ஒரு பதில் சொன்னது. ராஜீவ் ரதூரி என்கிற பார்வையற்றவர் 2005இல் போட்ட பொதுநல வழக்கு அது. சட்டத்தின் 40ஆம் பிரிவு அணுகல் தரங்களை விதிகளாக வகுக்கச் சொல்கிறது. மத்திய அரசு என்ன செய்தது என்றால், 2017 விதிகளின் 15ஆம் விதியில், இன்னின்ன வழிகாட்டு நெறிகளைப் பின்பற்றுக என்று கைகாட்டிவிட்டது. அந்த நெறிகளைப் புரட்டினால் செய்யலாம், செய்தால் நல்லது, இயன்றவரை என்கிற நடையிலேயே போகிறது. சட்டம் கட்டாயம் என்கிறது, விதி பரிந்துரை என்கிறது. பெரியது சின்னதைத் தாங்கவில்லை, சின்னது பெரியதைக் கவிழ்த்துவிட்டது. அந்த 15(1)ஆம் விதி சட்டத்துக்கு முரணானது, செல்லாது என்று நீதிமன்றம் அறிவித்தது. பேரம் பேச இடமில்லாத குறைந்தபட்ச விதிகளைத் தனியாகப் பிரித்து மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. வகுத்தபின் நிறைவுச் சான்றிதழை நிறுத்திவைப்பது, அபராதம் விதிப்பது எல்லாம் அமலாக வேண்டும் என்றும் சொன்னது.

இந்த இடத்தில் எனக்கு 1977 ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டின் சட்டத்தில் 504 என்று ஒரு பிரிவு: மத்திய அரசின் பணம் வாங்குகிற எந்த நிறுவனமும் ஊனமுற்றவரை ஒதுக்கக் கூடாது. ஒரே வாக்கியம். அதை அமலாக்கும் ஒழுங்குவிதிகளில் கையெழுத்துப் போடாமல் நாலு வருஷம் அரசு இழுத்தடித்தது. 1977 ஏப்ரல் 5 அன்று பல நகரங்களில் ஊனமுற்றவர்கள் அரசு அலுவலகங்களுக்குள் புகுந்து உட்கார்ந்தார்கள். மற்ற ஊர்களில் சீக்கிரம் வெளியேற்றிவிட்டார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தார்கள். படுக்கைப் புண் வரக்கூடியவர்கள், தினமும் கதீட்டர் மாற்ற வேண்டியவர்கள், தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஜூடித் ஹ்யூமன் முன்னின்றவர்களில் ஒருவர். கருஞ்சிறுத்தைக் கட்சியினர் தினமும் சூடாகச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். ஏப்ரல் 28 அன்று அமைச்சர் கையெழுத்துப் போட்டார். அவர்கள் உட்கார்ந்தது புதிய சட்டம் கேட்டு அல்ல. சட்டம் ஏற்கனவே கையில் இருந்தது. விதிக்காக உட்கார்ந்தார்கள். அங்கிருந்து 1990இன் பெரிய சட்டத்துக்கு வழி போயிற்று. நான் மேலே சொன்ன 8 அடி, 5 அடி, 48க்கு 1 எல்லாம் அந்தச் சட்டத்தின் கீழ் வந்த அளவுகள். அங்குலக் கணக்குக்குப் பின்னால் அந்த இருபத்துச் சொச்சம் இரவுகள் இருக்கின்றன. நம் தோழர்கள் கருஞ்சிறுத்தைகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இந்தச் சாப்பாட்டுக் கதையை அதிகம் பேர் எழுதிப் பார்க்கவில்லை.

*

அடுத்த கேள்வி: ஒதுக்கிய இடம் யாருக்கு? வண்டிக்கா, ஆளுக்கா?

நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 வரை 'இன்வாலிட் கேரேஜ்' என்று ஒரு வகை இருந்தது. பிரிட்டிஷ் சட்டச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது. இன்வாலிட் என்றால் ஆங்கிலத்தில் நோயாளி என்றும் அர்த்தம், செல்லாதது என்றும் அர்த்தம். லைசென்சில் அந்தச் சொல்லோடு பல வருஷம் வண்டி ஓட்டினோம், செல்லாத வண்டியில் செல்லுகிறவர்கள். இங்கிலாந்தில் இந்தப் பெயரில் அரசே வெளிர்நீல நிறத்தில் மூன்று சக்கர வண்டி கொடுத்து வந்தது. அதில் ஒரே ஒரு இருக்கை. பக்கத்தில் யாரையும் ஏற்றக் கூடாது. ஊனமுற்றவருக்கு மனைவி, குழந்தை, சிநேகிதர் என்று யாரும் இருக்கமாட்டார்கள் என்பது அந்த ஒற்றை இருக்கையின் தத்துவம். 2003 மார்ச்சில் அவற்றைச் சாலையிலிருந்து எடுத்தார்கள். 2019 திருத்தத்தில் நம் சட்டத்திலும் அந்தச் சொல் போய், 'தகவமைக்கப்பட்ட வாகனம்' வந்தது. அர்த்தத்தில் பாதி மாறவில்லை: ஊனமுற்றவர் மட்டுமே பயன்படுத்துகிற, அல்லது அவருக்காக மட்டுமே பயன்படுத்தப்படுகிற வண்டி என்று இன்னும் இருக்கிறது.

அதாவது சட்டத்தின் கண் வண்டியைப் பார்க்கிறது. தம்பியின் காரில் ஆஸ்பத்திரிக்கு வருகிற அம்மா, ஆட்டோவில் வருகிற டயாலிசிஸ் நோயாளி, வாடகைக் காரில் வருகிற பார்வையற்ற ஆசிரியர் ஆகியோரின் வண்டிகளில் தகவமைப்பு எதுவும் இல்லை. வாசலில் இருக்கிற செக்யூரிட்டிக்கு அவை சாதாரண வண்டி. இங்கிலாந்தில் ஆல்ஃப் மாரிஸ் கொண்டுவந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வேறு வழி கண்டது. 1971இலிருந்து ஆரஞ்சு அட்டை, 2000த்திலிருந்து நீல அட்டை. அட்டை ஆளுக்குச் சொந்தம். அவர் எந்த வண்டியில் போனாலும், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும், அந்த வண்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். அவர் வண்டியில் இல்லாதபோது சொந்தக்காரர்கள் வைத்துக்கொண்டு சுற்றுகிற மோசடியும் அங்கே உண்டு. அதற்குத் தண்டனையும் உண்டு. ஆனாலும் உரிமையை இரும்பிலிருந்து எடுத்து ஆளிடம் கொடுத்தது பெரிய நகர்வு என்று நினைக்கிறேன். நம்மிடம் நாடு தழுவிய ஊனமுற்றோர் அடையாள அட்டை இருக்கிறது. அதை வைத்தே இதைச் செய்ய முடியும். கேட்கத்தான் வேண்டும்.

அந்த நீல நிறச் சின்னத்தைப் பற்றியும் ஒன்று. 1968இல் சூசன்னா கோஃபோட் என்கிற டேனிஷ் மாணவி வரைந்தது. முதலில் வரைந்தபோது அதில் நாற்காலி மட்டும்தான் இருந்தது, தலை கிடையாது. ஒரு வட்டத்தைப் போட்டு அதை ஆளாக்கியது பிறகு வந்த குழு. 1969இல் சர்வதேசச் சின்னமாயிற்று. பயனுள்ள சின்னம்தான், சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு வேலையும் செய்கிறது. ஊனம் என்றால் சக்கர நாற்காலி என்று நம் கண்ணைப் பழக்கிவிட்டது. இதயமோ நுரையீரலோ பாதிப் பலத்தில் ஓடுகிற ஓர் இளைஞர் அங்கே நிறுத்தினால், "பாத்தா நல்லாத்தானே இருக்க" என்று நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். தன் நோயை நடுத்தெருவில் நிரூபிக்கச் சொல்கிற பார்வை அது. டாக்டரும் போலீசும் சேர்ந்த பார்வை. கண்ணுக்குத் தெரியாத ஊனங்களுக்கும் நீல அட்டை உண்டு என்று இங்கிலாந்திலேயே 2019 ஆகஸ்டில்தான் சேர்த்தார்கள்.

*

இவ்வளவு நேரமும் கார் என்றே பேசிக்கொண்டிருக்கிறேன். விதிகளும் அப்படித்தான் பேசுகின்றன. ஆனால் தமிழ்நாட்டுச் சாலையில் ஊனமுற்றவரைக் காரில் பார்ப்பது அபூர்வம். பார்ப்பது பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில், கையால் சுற்றுகிற மூன்று சக்கர சைக்கிளில். பெட்ரோல் ஸ்கூட்டரை அரசே இலவசமாகக் கொடுக்கிறது. 2016 சட்டத்தின் 41ஆம் பிரிவிலும் வண்டிகளை மாற்றியமைக்கத் திட்டம் தீட்ட வேண்டும் என்று இருக்கிறது. நல்லது. கொடுத்த வண்டியை எங்கே நிறுத்துவது?

டேப் வைத்து அளந்தேன். சாதாரண ஸ்கூட்டரின் அகலம் இரண்டேகால் அடி. என் வண்டி கிட்டத்தட்ட நாலடி. இறங்கி, கட்டையை எடுத்து ஊன்றி, காலிப்பரைப் பூட்டி நிற்க இன்னும் மூன்றடி. மொத்தம் ஏழு அடி. டூவீலர் ஸ்டாண்டில் வண்டிகளை ஒன்றோடொன்று சாய்த்து அடுக்குகிறார்கள். என் வண்டி ஸ்டாண்டு போட்டுச் சாயாது. ஒரு ஸ்டாண்டில், டோக்கன் கொடுக்கிற பையன் நல்ல பையன், சொன்னான்: "அண்ணே, உங்க வண்டி ரெண்டு வண்டி எடம் புடிக்குது. காண்ட்ராக்டர் ரெண்டு டோக்கன் போடச் சொல்றாரு." அவனோடு சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. அவன் சம்பளமே வசூலில்தான் இருக்கிறது. நிலத்தை ஏலம் விடும்போது, இத்தனை அடி ஊனமுற்றோருக்கு, அதற்குக் கட்டணமில்லை, அந்தத் தொகை ஏலத்தில் கழிக்கப்படும் என்று ஒரு நிபந்தனை எழுத ஓர் அதிகாரிக்குப் பத்து நிமிஷம் ஆகும். எழுதாததால் சட்டத்தின் சுமை நாள் சம்பளக்காரப் பையன் தலையிலும் என் தலையிலும் விழுகிறது. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி விதிகளில், ஊனமுற்றவருக்கென வடிவமைத்துக் கட்டிய வண்டிக்கு விலக்கு எழுதியிருக்கிறார்கள் அல்லவா? எழுத முடிகிற விஷயம்தான் இது.

தெருவில் பெயின்ட் அடித்த இடங்கள் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவுப்படி, எங்கே வண்டி நிறுத்தலாம் என்று நிர்ணயிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்தவருக்கும் உண்டு. உள்ளாட்சியைக் கலந்து செய்ய வேண்டும். நிறுத்தச் சட்டப்படி தடை உள்ள இடத்தில் நிற்கிற வண்டியை, 127ஆம் பிரிவின் கீழ் சீருடையில் இருக்கிற போலீஸ்காரர் இழுத்துச் செல்லவோ பூட்டுப் போடவோ சொல்லலாம். 'சட்டப்படி' என்கிற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அறிவிக்கை இல்லாமல், திறப்பு விழா அன்று ஓர் எஞ்சினியர் அடித்த நீலப் பெயின்ட் வெறும் பெயின்ட். போலீஸ்காரர் கையை விரிப்பார், அவர் சொல்வதில் நியாயமும் இருக்கும். கேட்டுப் போகிறவரை அவமானப்படுத்திப் பேசினால் அது வேறு. பொது இடத்தில் ஊனமுற்றவரை வேண்டுமென்றே இழிவுபடுத்துவது 2016 சட்டத்தின் 92ஆம் பிரிவில் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

நாம் செய்யக்கூடியது இருக்கிறது, பெரிய செலவில்லாதது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி உங்கள் ஊர் நகராட்சிக்கு ஒரு மனு போடுங்கள். ஊனமுற்றோருக்கான வண்டி நிறுத்துமிடங்கள் எவை, எந்த ஆணையின் கீழ் அறிவிக்கப்பட்டவை என்று கேளுங்கள். போன மூன்று வருஷத்தில் அனுமதித்த வணிக வளாகங்கள், திருமண மண்டபங்களின் வரைபடத்தில் அந்த இடம் எங்கே என்று கேளுங்கள். ஸ்டாண்டு ஏல நிபந்தனையின் நகலைக் கேளுங்கள். வருகிற பதிலையோ பதில் வராததையோ வைத்துக்கொண்டு மாநில ஊனமுற்றோர் ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். சிவில் நீதிமன்றத்தைப் போல ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு, வக்கீல் தேவையில்லை. ஊனமுற்றவர்தான் போட வேண்டும் என்றும் இல்லை.

நம் கூட்டங்களையும் விட்டுவிடக் கூடாது. விளிம்பு பற்றிய கருத்தரங்குகளில் பாதி மாடியில் நடக்கின்றன. வாடகை குறைவு என்பது காரணம். எனக்கும் தெரியும், நானும் வசூல் போட்டுக் கூட்டம் நடத்தியவன்தான். கீழ்த்தளத்தில் கிடைக்கிற பள்ளிக்கூட அறையும் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடமும் வாடகை குறைவுதான். அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர் பெயருக்குக் கீழே ஒரு வரி, படி எத்தனை, வண்டி எதுவரை வரும் என்று போட்டுவிட்டால் வருவதா வேண்டாமா என்று நாங்கள் வீட்டிலேயே முடிவு செய்துகொள்வோம். நகராட்சியிலிருந்து வருகிற பதில்களின் நகலை இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பிவையுங்கள். ஊர்வாரியாகத் தொகுத்து வரும் இதழ்களில் போடலாம் என்று ஆசிரியர் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது.